சாசருக்குள் ஐந்து ஓட்டை

அத்தியாயம் ஏழு

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட பஸ்ஸை வெண்டெல் கிராஸ் ஓட்டவில்லை. ஆர்லோவின் துப்பாக்கிக் கடை முனையில் மஞ்சள் பஸ் திரும்பியபோது கியர் கரகரத்தது. பின்சக்கரம் நடைபாதைமேல் ஏறித் தொம்மென்று இறங்கியது. உள்ளே பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். வெண்டெல் ஓட்டிய இத்தனை வருஷத்தில் அந்த முனையில் ஒரு பிள்ளையின் பால்கூடச் சிந்தியதில்லை.

கடைக்கு எதிரே நின்ற பழைய ஃபோர்டு காரில் மர்லா ஹாஸ்கெட் உட்கார்ந்திருந்தாள். காபியை வாயருகே கொண்டுபோனவள் குடிக்காமல் கீழே வைத்தாள். வனத்துறையில் கள்ள வேட்டைக்காரர்களைப் பிடித்துப் பேர் வாங்கியவள், இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். ஆல்டர் க்ரீக் மாதிரி ஒரு மொன்டானா ஊரில் துப்பறிய என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அவள் தரும் பதில் எப்போதும் ஒன்றுதான்: மாடு, மனைவி, வேலி. மாதத்துக்கு இதில் ஒன்றாவது காணாமல் போகும்.

இந்த மாதம் காணாமல் போனது துப்பாக்கி.

"பாஸ், புது டிரைவர் நல்லா ஓட்டறார்" என்றான் பக்கத்தில் இருந்த டூயி. "என் பழைய வேலைக்கு ஆள் சேர்த்துக் குடுப்பார் போல இருக்கு."

டூயியின் பழைய வேலை சவப்பெட்டி வண்டி ஓட்டுவது. பின்னால் படுத்து வந்தவர்கள் ஒருத்தர்கூடத் தன் ஜோக்குக்குச் சிரிக்காததால் வேலையை விட்டதாக அவனே சொல்லிக்கொள்வான். மர்லாவும் அதிகம் சிரிப்பதில்லை, ஆனால் சம்பளம் தருகிறாள்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை ஊர் ரைபிள் சங்கத்தின் ரேஞ்சில் முந்நூறு கஜ இலக்குச் சுடுதல். ஓய்வுபெற்ற பல் டாக்டர் கிளைட் மெரிக், தன் துப்பாக்கியை ஆறாம் பெஞ்சில் வைத்துவிட்டு, கடைசிச் சுற்றுக்கு நிற்காமல் மண்டபத்தில் ராத்திரி விருந்துக்காகக் கொதிக்கும் சில்லி என்ற கறிக்குழம்பைக் கிளறப் போனார். திரும்பி வந்தபோது பெஞ்சில் துப்பாக்கி இல்லை. அதன் பெட்டி மட்டும் காலியாகக் கிடந்தது. பெட்டி இல்லாமல் எடுத்துப் போன திருடன் எதிலாவது சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று மர்லாவின் மூளை உடனே சொன்னது. அரை மணி முன்னால்தான் அவள் கண்ணால் பார்த்திருந்தாள். பஸ் டிரைவர் வெண்டெல், நீளமாக எதையோ ஸ்லீப்பிங் பேக்கில் சுற்றி, நாலு பக்கமும் பார்த்து, தன் டிரக் சீட்டுக்குப் பின்னால் செருகினான்.

அன்று ராத்திரி சில்லி விருந்தில், ஊர் பாதி உட்கார்ந்திருக்கும்போது, மர்லா எழுந்து நின்று அதைக் கேட்டாள். அந்த மூட்டையில் என்ன இருக்கிறது, வண்டியைத் திறந்து காட்ட முடியுமா என்று கேட்டாள். வெண்டெலின் முகம் சிவந்தது. வாய்க்குப் போன ஸ்பூனை மெல்லக் கிண்ணத்தில் வைத்தான். ஒரு வார்த்தை பேசாமல் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். பள்ளிக்கூட மேலாளர் திருமதி ஆஸ்ட்பியும் அங்கேதான் இருந்தார். வாசலிலேயே அவனிடமிருந்து பஸ் சாவியை வாங்கிக்கொண்டார்.

இன்றைக்குப் பத்து மணிக்கு டாக்டர் கிளைட் ஷெரீஃபிடம் எழுதிக் கொடுக்கப் போகிறார். கொடுத்துவிட்டால் திருட்டு வழக்கு. வழக்கு வந்தால் பிள்ளைகளை ஏற்றும் பஸ்ஸை இனி எந்த ஊரிலும் வெண்டெலிடம் தர மாட்டார்கள். அந்த வேலையோடுதான் அவன் மனைவி நோராவின் ஆஸ்பத்திரி இன்சூரன்சும் ஒட்டிக்கொண்டிருந்தது. நோராவுக்கு மார்பில் புற்றுநோய் என்பது ஊருக்கே தெரியும்.

எல்லாம் தெரிந்தும் மர்லாவுக்கு ஒரு ஆதாரம் குறைந்தது. கோடை முழுக்க வெண்டெல் ஆர்லோவின் கடையில் நின்று துப்பாக்கி துப்பாக்கியாகப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று கேள்விப்பட்டிருந்தாள். சனிக்கிழமை ரேஞ்சிலிருந்து நேராக வெளியூர்க் கண்காட்சிக்குப் போன ஆர்லோ இன்று காலைதான் திரும்பியிருந்தான். கைபேசி என்றால் அவனுக்கு ஆகாது. வெண்டெல் எதைக் குறிவைத்தான் என்று அவன் வாயால் வந்துவிட்டால் வழக்கு முடிந்தது.

"வாடிக்கையாளரா உள்ள போறோம்" என்றாள் மர்லா. டாஷ்போர்டில் சுருட்டி வைத்திருந்த காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

டூயி கண்ணை மூடித் திறந்தான். "அதையும் எடுத்துட்டு வரணுமா? பெட்ரோல் போடறவன்கிட்ட காட்டியாச்சு. அவன் பூனைகிட்டயும் காட்டியாச்சு."

அது மர்லாவின் இலக்குத் தாள். சனிக்கிழமை அவளும் சுட்டிருந்தாள். சங்கத்தில் சேரலாம் என்று ஆசை, சொந்தத் துப்பாக்கி இல்லை. ஆர்லோ ஒன்றைக் கொடுத்துச் சுட்டுப் பார் என்றான். கடைசிச் சுற்றில் முந்நூறு கஜத்தில் ஐந்து குண்டும் ஒரே இடத்தில் போய்க் குத்தின. ஐம்பத்திரண்டு வயதில் தனக்குள் இப்படி ஒரு திறமை ஒளிந்திருக்கிறது என்று அவள் இரண்டு நாளாக உள்ளூர மகிழ்ந்துகொண்டிருந்தாள்.

ஆர்லோ வென் கவுண்டருக்குப் பின்னால் முந்தின நாள் டோனட்டைக் காபியில் முக்கிக்கொண்டிருந்தான். மர்லாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். யார் துப்பாக்கி கேட்டு வந்தாலும் மூன்று கேள்விதான் கேட்பான். எத்தனை கஜம், சனிக்கிழமைக்கு எத்தனை குண்டு, வீட்டுக்குத் தெரியுமா.

முந்நூறு கஜம், காகிதத்தில் மட்டும் ஓட்டை போட, ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுக்காமல் தானே அடுத்ததை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோ, பர்ஸ் தாங்குகிற விலையில் என்று மர்லா சொன்னாள். வீட்டுக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு, வீட்டில் தானும் ஒரு கிழட்டு நாயும்தான் என்றாள்.

"நாய்க்குத் தெரியும்" என்றான் டூயி. "ஆனா அது சம்மதிக்கல."

ஆர்லோ சுவரில் வரிசையாக நின்றவற்றைப் பார்க்கக்கூட இல்லை. ஊரில் பாதிப் பேருக்கு விற்ற அதே மாடலைச் சொன்னான். கறுப்பாக, எந்த அலங்காரமும் இல்லாமல், கடையிலேயே மலிவாக இருப்பது.

"இந்தத் தூரத்துக்கு இது போதும் மர்லா. விலை கூடினதை வாங்கிட்டு, குண்டு வாங்கக் காசில்லாம அதைத் துடைச்சுட்டு உட்கார்ந்திருக்கறவங்க நம்ம ஊர்ல நிறைய. இதை வாங்கு, குறி பார்க்க நல்ல கண்ணாடியா ஒண்ணு மேல போடு, மிச்சத்துக்குக் குண்டு வாங்கிச் சுடு. விசை மட்டும் கொஞ்சம் கனமா இருக்கும். பழகிட்டு அப்புறம் மாத்திக்கலாம். வெண்டெலுக்கும் இதேதான் சொன்னேன்."

மர்லாவின் காது நிமிர்ந்தது. வெண்டெல் அதைக் கேட்டுவிட்டு என்ன செய்தான் என்று சாதாரணமாக விசாரித்தாள். ஆர்லோ டோனட்டைக் கீழே வைத்தான். வாய் தவறிவிட்டது என்று அவன் மீசையே சொன்னது. அந்தப் பேச்சு வேண்டாம், வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றான்.

"அவனுக்கா?"

"அவனுக்குத்தான்."

"ஆர்லோ, பத்து மணிக்கு அவனைத் திருடன்னு எழுதிக் குடுக்கப் போறாங்க."

கண்காட்சியிலிருந்து வந்தவனுக்கு எதுவும் தெரியாது. டூயிதான் சொன்னான். கிளைட்டின் துப்பாக்கி, ஸ்லீப்பிங் பேக், சில்லி விருந்து, பஸ் சாவி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனான். சொல்லச் சொல்ல ஆர்லோ ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தான்.

"அந்தப் பையில இருந்தது அவனோடது" என்றான். "காசு குடுத்து வாங்கினது."

பிறகு மிச்சத்தையும் சொன்னான்.

நோராவுக்கு ஆபரேஷன் என்றதும் வெண்டெல் முதலில் செய்த காரியம், அப்பா விட்டுப்போன வேட்டைத் துப்பாக்கிகளை இதே கவுண்டரில் வைத்து விற்றது. அது போதவில்லை. மார்ச் மாதத்தில் தீயணைப்பு நிலையத்தில் ஊரே கூடி அவர்களுக்காக ஸ்பகெட்டி விருந்து வைத்தது. காசு போடத் தீயணைப்பு வீரனின் பூட்ஸைச் சுற்றுக்கு விட்டார்கள். ஆளாளுக்குப் போட்டார்கள். மர்லாவும் போட்டாள். அதற்குப் பிறகும் வெண்டெல் சனிக்கிழமை தவறாமல் ரேஞ்சுக்கு வந்தான். சுட அவனிடம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் சுடுவதற்கு மதிப்பெண் எழுதிக்கொண்டு நிற்பான்.

கோடையில் விறகு வெட்டி விற்று, கடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, இருப்பதிலேயே மலிவானதைத் தனக்கென்று எடுத்து வைத்தான். வெள்ளிக்கிழமை பாக்கி முடிந்தது, காகிதமெல்லாம் எழுதியாயிற்று. யாருக்கும் சொல்லக் கூடாது என்று ஆர்லோவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

"ஊர் பூட்ஸ்ல காசு போட்டுச்சு. அந்த வருஷமே அவன் புதுத் துப்பாக்கியோட வந்து நின்னா என்ன சொல்வாங்க? ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க. அதான் அவனுக்குப் பயம். ஜனங்க பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம போறது."

மர்லாவுக்குக் காது மடல் சுட்டது. ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்த அந்தக் கை நினைவுக்கு வந்தது. அந்த மௌனத்தைத்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அவள் எண்ணியிருந்தாள். திருடன் என்ற பேர் வந்தாலும் வரட்டும், நன்றி கெட்டவன் என்ற பேர் வேண்டாம் என்று அந்த மனுஷன் எழுந்து போயிருக்கிறான்.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றான் ஆர்லோ. அவனுக்கே சொல்லப் பிடிக்கவில்லை. "சனிக்கிழமை சுட்டுப் பார்க்க ஒண்ணு குடுன்னு கேட்டியே. கடையில அந்த மாடல்ல வேற இல்ல. அவன் பக்கத்துல நின்னுட்டிருந்தான். என்னோடதைக் குடுங்க, யாரோடதுன்னு மட்டும் சொல்லாதீங்கன்னான். அவன் இன்னும் ஒரு குண்டுகூடச் சுடல. முதல்ல சுட்டது நீதான்."

ரேஞ்சுக்குப் புதிதாக யார் வந்தாலும் பழையவர்கள் தங்கள் துப்பாக்கியைக் கொடுத்து நாலு குண்டு சுடச் சொல்வது அந்த ஊர் வழக்கம். தன்னுடையதையே தொட்டுப் பார்க்காத ஒருத்தன் அந்த வழக்கத்தைக் காப்பாற்றியிருந்தான். மர்லாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கவுண்டர் கண்ணாடிக்குக் கீழே இருந்த கத்திகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் துப்பறிகிறவள் மூளை வெட்கத்திலும் ஓடும். சற்றுப் பொறுத்து அவள் தலை நிமிர்ந்தது.

"இரு. அது எப்படி அவன் டிரக்குக்குப் போச்சு? நீ குடுத்ததை நான் சாயங்காலம் இங்க கொண்டாந்து இர்மாகிட்ட ஒப்படைச்சுட்டேனே."

இப்போது முழிப்பது ஆர்லோவின் முறை. "எதுக்குக் கொண்டாந்த? முடிஞ்சதும் பெஞ்சிலேயே வெச்சுட்டுப் போன்னுதானே சொன்னேன். அவன் அங்கிருந்து எடுத்துக்கறதா பேச்சு."

சொன்னது உண்மைதான். வாங்கினதை ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற பழக்கத்தில் அவள்தான் கடைப் பெட்டிக்குள் வைத்து எடுத்து வந்திருந்தாள். ஆர்லோவின் மனைவி இர்மா உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்து, பெட்டி வந்தது வந்தபடி அலமாரிக்குக் கீழே இருக்கிறது என்றாள்.

கடைக்குள் ஒரு துப்பாக்கி. வெண்டெலின் டிரக்கில் ஒரு துப்பாக்கி. மர்லாவின் கையில் இருந்த காகிதம் சரசரத்தது. ஆர்லோ அதை வாங்கிக் கவுண்டரில் விரித்தான்.

"இது யார் சுட்டது?"

"நான்தான். கடைசிச் சுற்று" என்றாள். அந்த நிலையிலும் குரலில் துளி பெருமை இருந்தது. பிறகு வெகுநாள் வரை அந்தத் துளியை நினைத்து அவள் கூசினாள்.

ஆர்லோ தன் காபி சாசரை எடுத்துத் துடைத்து, ஓட்டைகள்மேல் கவிழ்த்தான். ஐந்தும் மறைந்துபோயின. அதற்கு முந்தின சுற்றுத் தாள் இருக்கிறதா என்று கேட்டான். டூயி ஓடிப்போய்க் கார் பின்சீட்டிலிருந்து, காலடியில் மிதிபட்டுக் கிடந்ததை எடுத்து வந்தான். அதில் ஐந்து ஓட்டையும் ஆளுக்கொரு மூலையில் இருந்தன. சாசர் போதவில்லை. இர்மா ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து கவிழ்த்ததும்தான் எல்லாம் அடங்கின.

"ஒரே ஆள், ஒரே வகைக் குண்டு, ஒரே மத்தியானம்" என்றான் ஆர்லோ. "இது தட்டு. இது சாசர்."

"கை பழகியிருக்கும்."

"கைக்கு வருஷக்கணக்காகும் மர்லா. நான் விக்கற இந்த மலிவுத் துப்பாக்கிக்குத் தட்டுதான் நியாயம். உன் கைக்கும் தட்டுதான் நியாயம், கோவிச்சுக்காதே. கடைசி அஞ்சுல விசை எப்படி இருந்துச்சு?"

அவள் யோசித்தாள். முதல் சுற்றுகளில் துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோல இழுக்க வேண்டியிருந்தது. கடைசிச் சுற்றில் விரல் பட்டதும் போய்விட்டது. தனக்கு வித்தை கைவந்துவிட்டது என்று அப்போது நினைத்தாள்.

ஆர்லோ உள்ளே போய்ப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தான். அதே கறுப்புத் துப்பாக்கி. குண்டு இல்லை என்று காட்டச் செருகும் மஞ்சள் பிளாஸ்டிக் கொடி அதில் அப்படியே இருந்தது. அவன் கொடியை உருவினான். குண்டு போகும் அறை காலி என்று பார்த்து, இர்மாவிடமும் காட்டி, சுவரின் மணல் மூட்டையை நோக்கிப் பிடித்து விசையைத் தொட்டான். விரல் அழுந்துவதற்குள் கிளிக்கென்றது.

"போன வருஷம் இந்த விசையையும் குழலையும் நான்தான் மாத்திக் குடுத்தேன்" என்றான். "பல் டாக்டருக்கு."

மர்லாவுக்கு அந்தக் கடைசிச் சுற்று கண்முன் ஓடியது. இலக்கைப் பார்த்துவிட்டு எல்லோரும் சுடும் கோட்டுக்குத் திரும்பினார்கள். பெஞ்ச் எல்லாம் ஒரே மாதிரி, துப்பாக்கி எல்லாம் ஒரே மாதிரி, எல்லாவற்றிலும் மஞ்சள் கொடி. ஆறாம் பெஞ்சுக்காரர் சில்லி கிளறப் போயிருந்தார். ஐந்தாம் பெஞ்சில் உட்கார வேண்டியவள் ஆறில் உட்கார்ந்தாள்.

"குண்டை எடுத்துக் குடுத்தது நான்" என்றான் டூயி. "நீங்க உட்கார்ந்த இடத்துல நானும் உட்கார்ந்தேன் பாஸ். எண் எழுதியிருந்ததைப் பார்க்கல."

"நீ பார்க்கலேன்னா தப்பில்ல. பார்க்கறதுக்குத்தான் எனக்குக் காசு குடுக்கறாங்க."

கிளைட்டின் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போனது அவள். அதைக் கடையில் ஒப்படைத்துவிட்டு, கை கழுவி, சில்லி விருந்துக்குப் போய், எழுந்து நின்று, தன் துப்பாக்கியை அவளுக்கு இரவல் தந்தவனைத் திருடன் என்றவளும் அவள்தான். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது அவளுக்கு.

பெட்டியோடு காரில் ஏறியதும் டூயிதான் முதலில் கேட்டான். இனி என்ன, போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்றான். மர்லா ஸ்டீரிங்கைப் பிடித்தபடி இருந்தாள்.

"முழு உண்மையைச் சொன்னா அவன் திருடன் இல்லைன்னு ஆயிடும். பையில இருந்தது அவன் வாங்கின புதுத் துப்பாக்கின்னும் ஆயிடும். அதை மறைக்கத்தானே அவன் வாயைத் திறக்கல."

"அப்ப பாதி உண்மை?"

"என்னைப் பத்தின பாதியை முழுசா சொல்றேன். அவனைப் பத்தின பாதியை நான் பார்த்துக்கறேன்."

ஷெரீஃப் அலுவலகத்துக்கு எதிரே ஜோலீனின் உணவகம். டாக்டர் கிளைட்டும் திருமதி ஆஸ்ட்பியும் பத்து மணிக்காகக் காத்துக்கொண்டு பான்கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் பாதி அங்கே இருந்தது. வாசலில் வெண்டெலின் டிரக் நின்றது. தானே ஷெரீஃபிடம் நடந்து போவதற்காக வந்து, உள்ளே வரக் கூசி, வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். மர்லா அவனைப் பார்க்காமல் கடந்தாள். பார்க்கும் தைரியம் இன்னும் வரவில்லை.

உள்ளே போய்ப் பெட்டியைக் கிளைட்டின் மேசைமேல், சிரப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"டாக்டர், உங்க துப்பாக்கி. எடுத்தவ நான்."

உணவகம் அடங்கியது. சனிக்கிழமை எழுந்து நின்றது போலவே நின்றுகொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். தவறான பெஞ்சில் உட்கார்ந்ததைச் சொன்னாள். அவர் துப்பாக்கியால் சுட்டுவிட்டுத் தன் திறமை என்று ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்ததையும் விடவில்லை. கிளைட் பெட்டியைத் திறந்து விசையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையசைத்தார். மூலையில் யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மர்லா நின்று அதைக் கேட்டுக்கொண்டாள்.

திருமதி ஆஸ்ட்பி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப அந்த ஸ்லீப்பிங் பேக்ல இருந்தது என்ன?"

"ஆர்லோ கடைத் துப்பாக்கி. நான் சுட்டுட்டு அனாதையா போட்டுட்டு வந்தது. பெட்டியை நான் கொண்டுபோயிட்டேன், அதனால அவர் பையில சுத்திப் பத்திரப்படுத்தினார்."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"எங்க சொல்ல விட்டேன்? எடுத்ததும் ஊர் முன்னால திருடன் மாதிரிதானே கேட்டேன். நானா இருந்தாலும் ஸ்பூனை வெச்சுட்டு எழுந்து போயிருப்பேன்."

திருமதி ஆஸ்ட்பி கைப்பையைத் திறந்து பஸ் சாவியை எடுத்து மேசைமேல் நகர்த்தினார். மர்லா அதை எடுத்துக்கொண்டு, சுருட்டியிருந்த இலக்குத் தாளை ஜோலீனிடம் நீட்டினாள். கல்லாவுக்குப் பின்னால், மான் தலைகளுக்கு நடுவே, தன் பேரை எழுதிக் குத்தி வைக்கச் சொன்னாள். எவ்வளவு நாள் இருக்கட்டும் என்று ஜோலீன் கேட்டாள். காகிதம் தாங்கும்வரை என்றாள் மர்லா.

வெளியே வந்து டிரக் ஜன்னலருகே நின்றாள். வெண்டெல் கண்ணாடியை இறக்கினான். இரண்டு நாளாகத் தூங்காத முகம். அவள் சாவியை நீட்டி, நடந்ததையெல்லாம் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள். தன் பேர் மீண்டதா என்று அவன் கேட்கவில்லை.

"பையில என்னன்னு சொன்னீங்க மேடம்?"

கடைத் துப்பாக்கி என்று சொன்னதைச் சொன்னாள். அவன் மூச்சை விட்டான். தோள் இரண்டும் இறங்கின. பிறகு சாவியைக் கையில் புரட்டிக்கொண்டே, வெட்கத்தோடு, அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"நான் இன்னும் சுடல. எப்படி இருந்துச்சு?"

தட்டு அளவுக்கு விரிகிறது, விசை கொஞ்சம் கனம் என்று மர்லா சொன்னாள்.

"எனக்கு அது போதும்" என்றான். சற்று யோசித்து, மெல்லத் தலையாட்டினான். "ஆனா இப்ப அது கடையோடதுன்னு ஆயிடுச்சு இல்ல. நான் கொண்டுபோய் ரேஞ்சுல நின்னா கேப்பாங்க. பரவாயில்ல மேடம். பஸ் திரும்பக் கிடைச்சுடுச்சு, அது போதும்."

மர்லா இதை யோசித்திருக்கவில்லை. தன் பேச்சு அவன் பேரைக் காப்பாற்றிவிட்டு, கோடை முழுக்க வெட்டிய விறகைக் கொண்டுபோய்விட்டது. மறுபடியும் அவளுக்கு முகம் சுட்டது. கொஞ்ச தூரத்தில் காரில் சாய்ந்து நின்ற டூயியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தொண்டையைச் செருமினான்.

"பாஸ் துப்பாக்கி வாங்கணும்னு ஊருக்கே தெரியும்" என்றான். "கடைத் துப்பாக்கியை வாங்கிட்டாங்கன்னு சொன்னா யார் கேக்கப் போறாங்க? அவங்களுக்குச் சுட வராதுன்னும் இப்ப ஊருக்கே தெரியும்."

மர்லாவுக்குப் புரிந்துவிட்டது. அது தான் வாங்கியது என்று ஊரில் சொல்லிவிடுவதாகவும், சனிக்கிழமைதோறும் வெண்டெலுக்கு இரவல் தருவதாக எல்லோரும் நினைத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னாள்.

வெண்டெல் அவளை முதல் முறையாக நேராகப் பார்த்தான். "என் துப்பாக்கியை எனக்கே இரவலா."

"ஆமாம்."

"அப்ப நான் எல்லார் முன்னாலயும் உங்களுக்கு தேங்க்ஸ் சொல்லணும்."

அதுவும் அவள் யோசிக்காததுதான். இரவல் வாங்கினவன் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் ஊர் கவனிக்கும்.

"சொல்லணும்" என்றாள் மர்லா. "நான் வாங்கிக்கணும்."

அடுத்த சனிக்கிழமை ஐந்தாம் பெஞ்சில் வெண்டெல் உட்கார்ந்தான். பின்னால் மதிப்பெண் எழுத மர்லா நின்றாள். முதல் ஐந்து குண்டும் தட்டளவுக்குள் போயின. அவன் மஞ்சள் கொடியைச் செருகிவிட்டு எழுந்து, தொப்பியைக் கழற்றினான். கிளைட்டும் திருமதி ஆஸ்ட்பியும் சங்கத்தார் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"துப்பாக்கி குடுத்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்றான் உரக்க.

பெரிய மனசு மர்லாவுக்கு என்று யாரோ பின்னால் சொல்வது கேட்டது. அவள் பரவாயில்லை என்று சொல்லிவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தாள். டூயி அடுத்த ஐந்து குண்டை எண்ணி வெண்டெலிடம் கொடுத்தான்.